ஒரு பழைய வினையும் ஓயாத ஒரு 'ட'வும்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

இன்று ஒரே ஒரு வினைச்சொல்லைப் பற்றித்தான் பேசப் போகிறேன். பழைய ஆங்கிலத்தில் 'வெயோர்தன்'. 'ஆகு', 'உண்டாகு' என்று பொருள். ஜெர்மனில் இன்று 'வேர்டன்'. அடியில் கிடக்கும் மூலப்பொருள் 'திரும்பு'. லத்தீனின் 'வெர்தெரெ', சமஸ்கிருதத்தின் 'வ்ருத்' எல்லாம் உடன்பிறப்புகள். இலங்கையில் அரசிதழை வர்த்தமானி என்கிறார்கள் அல்லவா, அதுவும் இந்த 'வ்ருத்' வழி வந்ததுதான். தூரத்துச் சொந்தம்.

சரி, விஷயம் இறந்தகாலத்தில் இருக்கிறது. 'ஆனான்' என்பதற்குப் பழைய ஆங்கிலத்தில் 'வெயர்த்'. 'ஆனார்கள்' என்பதற்கு 'வுர்டன்'. உயிர் மாறுவது ஜெர்மானிய வினைகளில், அதாவது ஆங்கிலமும் ஜெர்மனும் அடங்கிய மொழிக் குடும்பத்தின் வினைகளில், சகஜம். மெய் ஏன் மாற வேண்டும்? யாக்கோப் கிரிம், ஆமாம், தேவதைக் கதைகள் தொகுத்த அதே கிரிம், 1822-இல் சொன்ன விதிப்படி, மூலமொழியின் வல்லோசை 'த்' ஜெர்மானியத்தில் காற்று உரசும் 'த்' ஆகும்; எனவே இரண்டிலும் அந்த 'த்' தான் வந்திருக்க வேண்டும். இந்த 'ட்' அடங்கவில்லை. விதிவிலக்கு என்று சொல்லி ஐம்பது வருடம் ஓட்டினார்கள்.

1875-இல் டென்மார்க்கின் கார்ல் வெர்னர் முடிச்சை அவிழ்த்தார். மதியத் தூக்கத்துக்கு உதவும் என்று ஒப்பிலக்கண நூல் ஒன்றை எடுத்தாராம். கண்ணில் பட்டவை சமஸ்கிருதத்தின் 'பிதர்' (தந்தை), 'ப்ராதர்' (சகோதரன்). முன்னதில் அழுத்தம் ஈற்றசையில், பின்னதில் முதலசையில். கோத்தியர் பேசிய பழைய ஜெர்மானிய மொழியான கோதிக்கில் பார்த்தால் 'ஃபடர்', 'ப்ரோதர்'. தூக்கம் போயே போச்சு! அழுத்தம் மெய்க்கு முந்தைய அசையில் இருந்தால் 'த்' நிற்கும். இல்லாவிட்டால் குரல் ஏறி, அதாவது தொண்டை அதிர்ந்து, 'ட்' பக்கம் சாயும். நம் வினையிலும் அதே கதை. வேதமொழியில் ஒருமை 'வவர்த'வில் அழுத்தம் 'வர்' மேல். பன்மையில் அது விகுதிக்கு நகர்ந்துவிடும். பிற்பாடு ஜெர்மானிய மொழிகள் அழுத்தத்தை முதலசைக்குக் கொண்டுபோய்விட்டன. காரணம் மறைந்தது, 'ட்' மட்டும் மிஞ்சியது.

எனக்கு இதில் பிடித்த இடம் ஒன்று உண்டு. 4-ஆம் நூற்றாண்டு கோதிக் பைபிள் எவ்வளவு பழையது! அதில் இரண்டு வடிவத்திலும் 'த்' தான், கோத்தியர் சீராக்கிவிட்டார்கள். நூற்றாண்டுகள் பிந்திய ஆங்கில ஏடுகள்தாம் பழைய கோணலைக் காத்தன. பழைய ஏடு என்றால் பழைய வடிவம் என்று நம்பிவிடக் கூடாது. பள்ளிப் பிள்ளைகள் மனப்பாடம் செய்கிற 'வாஸ்', 'வேர்' ஜோடியும் இதே விதியின் வேலை. அங்கே 'ஸ்' குரல் ஏறி, அப்புறம் 'ர்' ஆனது.

ஆங்கிலத்தில் 'பிகம்' வந்து இந்த வினையைத் தள்ளிவிட்டது. 1611-இன் பைபிளில், எசேக்கியேல் 30-இல், 'வோ வொர்த் த டே' என்று ஒரு எச்சம். அந்த 'வொர்த்' மதிப்பு அல்ல; 'அந்நாளுக்குக் கேடு உண்டாகட்டும்' என்று சாபம்.

ஜெர்மனிலோ எதிர்காலம், செயப்பாட்டுவினை இரண்டையும் 'வேர்டன்' தான் சுமக்கிறது. ஆனால் அங்கே பன்மையின் உயிர் ஒருமைக்கும் பரவி, 'ஆனான்' என்பதும் 'வுர்ட' ஆகிவிட்டது. பழைய ஒருமை 'வர்ட்' வேண்டுமென்றால் லூத்தர் பைபிளைப் புரட்டுங்கள்: 'வெளிச்சம் உண்டாயிற்று' என்னும் இடத்தில் இருக்கிறது.