கூறியது கூறினால் குற்றமா?

நடுவர் அவர்களுக்கும் காவேரிப்பட்டணத்துப் பெருமக்களுக்கும் வணக்கம். சாமானோடு வரும் செய்முறைக் கையேட்டைத் திருத்துகிறவர் முதலில் பார்க்க வேண்டியது சொல்லழகா, தெளிவா? தெளிவுதான் என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணி நண்பர் என்ன கேட்டார்? "வரிக்கு வரி வால்வு, வால்வு என்று எழுதினால் அது கையேடா, வாய்ப்பாடா? கூறியது கூறல் குற்றம் என்று நன்னூலே சொல்கிறதே!" நீங்களும் கை தட்டினீர்கள். ஐயா, அதே பட்டியலை இன்னும் கொஞ்சம் படித்திருக்கலாமே! அந்தப் பத்துக் குற்றங்களில் 'மயங்க வைத்த'லும் ஒன்று. பத்து அழகில் 'விளங்க வைத்தல்' இருக்கிறது. கூறியது கூறல் என்றால் சொன்ன சேதியையே திரும்பச் சொல்வது. ஒரு சாமானை ஒரே பேரால் கூப்பிடுவது எப்படிக் குற்றமாகும்?

எங்கள் பெரியப்பா மாந்தோப்புக்குச் சொட்டுநீர் போட்டார். கையேட்டில் முதல் வரி, 'வால்வைப் பொருத்தவும்.' பொருத்தினார். அடுத்து, 'அடைப்பானைத் திறக்கவும்.' பெட்டியைக் கவிழ்த்துத் தேடினார், அடைப்பான் இல்லை. அப்புறம், 'ஓட்டத் தடுப்பியைப் பாதி மூடவும்.' அதுவும் இல்லை! பஸ் ஏறிக் கிருஷ்ணகிரிக்கு வந்தார். "ரெண்டு சாமான் குறையுது, எடுப்பா!" கடைப் பையன் புதுசு. அவனும் கையேட்டைப் படித்தான், அவனும் தேடினான்! குடோனுக்குள் ஆள் விட்டுத் தேடினார்கள். கடைசியில் பிட்டர் வந்து, "அண்ணா, மூணும் ஒண்ணுதாண்ணா" என்றார். எழுதியவருக்குச் சொல்லழகு, பெரியப்பாவுக்கு ஒரு நாள் பொழப்பு போச்சு!

அது பொழப்போடு போனது. நம் போர் தண்ணீரில் உப்பு படிந்து, செடிக்குச் சொட்டு விடும் டிரிப்பர் அடைத்தால் ஆசிட் விட்டுக் கழுவுகிறோம். தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும். ஆசிட்டில் தண்ணீரை ஊற்றினால் சூடேறி முகத்தில் தெறிக்கும். 'அமிலமும் நீரும் இசைவுறக் கலந்து' என்று எழுதினால் காதுக்கு நன்றாக இருக்கிறது. எதை எதில் ஊற்றுவது? எச்சரிக்கையோ பக்கத்தின் அடியில், கலந்து முடித்த பிறகு வருகிறது!

படிக்கத் தெரியாத அப்பா ஆசிட் கேனைப் பிடித்து நிற்கிறார். ஏழாவது படிக்கும் மகள் வாசிக்கிறாள். "அடுத்து என்னம்மா?" அவள் வாசிப்பதை அப்படியே செய்வார், மகள் சொல் தப்பாது என்று நம்புகிற தகப்பன்! நடுவர் அவர்களே, எங்கள் அணி ஜெயிக்காவிட்டாலும் பரவாயில்லை. அந்தப் பிள்ளையின் பக்கம் தீர்ப்புக் கொடுங்கள். வணக்கம்.