கருவிழிப் புண்: எப்போது கத்தி எடுப்பது?

எல்லோருக்கும் வணக்கம். எழும்பூர் கண் ஆஸ்பத்திரி 1819-இலேயே வந்துவிட்ட ஊர் இது. இருந்தும் கண் சிவந்தால் "மெட்ராஸ் ஐ"தான் என்று நாமே முடிவு கட்டிக்கொண்டு மருந்துக் கடைக்குப் போகிறோம். மெட்ராஸ் ஐ பெரும்பாலும் தானே ஆறிவிடும். கருவிழிப் புண் ஆறாது.

கருவிழி என்பது கண்ணின் முன்பக்கம் இருக்கும் தெளிவான படலம் (கார்னியா); அதன் நடுப்பகுதி அரை மில்லிமீட்டர் தடிமன்தான். நெல் தாள் கீறினாலோ மண் தெறித்தாலோ ஃபியூசேரியம், ஆஸ்பர்ஜில்லஸ் போன்ற பூஞ்சைகள் அதற்குள் இறங்கும். நடாமைசின் 5% என்ற பூஞ்சைச் சொட்டு மருந்தை மணிக்கொரு தரம் விடுவோம். ஆனால் அது ஆழத்துக்கு அதிகம் போகாது. இதற்கு நடுவில் ஸ்டீராய்டு சொட்டு விட்டிருந்தால் சிவப்பு வடியும், பூஞ்சை கொழுக்கும்.

புண் ஆழமாகிக் கருவிழியில் ஓட்டை விழுந்து, அது 2 மி.மீ.க்குள் இருந்தால் சயனோஅக்ரிலேட் பசை வைத்து, மேலே பேண்டேஜ் லென்ஸ் (கட்டுப் போல மூடும் கான்டாக்ட் லென்ஸ்) போட்டு அடைக்கலாம். பெரிதானால், புண்ணை வெட்டி எடுத்துவிட்டு தானக் கருவிழியை ஒட்டாக வைப்பதுதான் வழி.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. புண் 6 மி.மீ. என்றால், சுற்றிலும் 1 மி.மீ. நல்ல திசுவையும் சேர்த்து 8 மி.மீ. வட்டமாக வெட்டுகிறோம், தானத் திசு 8.5. இன்னும் நாலு நாள் பார்க்கலாம் என்று விட்டுப் புண் 8 ஆனால், வெட்டு 10. கருவிழியின் மொத்த அகலமே ஏறக்குறைய 12தான். ஓரத்தில் ரத்தக் குழாய்கள் இருக்கின்றன; அங்கே நெருங்கினால் ஒட்டு வைத்த திசுவை உடல் நிராகரிப்பதும், கண் அழுத்தம் ஏறுவதும் அதிகம்.

ஓட்டை விழுந்த கண் தொளதொளவென்றிருக்கும். வட்டமாக வெட்டும் கருவியான திரெஃபைனை அழுத்தினால் வட்டம் கோணிவிடும்; லேசாகக் குறி போட்டுவிட்டுக் கத்தரியால் முடிப்பது நல்லது. வட்டத்தை எடுத்ததும் சீழை அலசி, கருந்திரையில் (ஐரிஸ்) ஒட்டிய சவ்வை மெதுவாக உரிக்க வேண்டும். கண்ணுக்குள் இருக்கும் லென்ஸை முடிந்தவரை தொடக்கூடாது. பூஞ்சை பின்னால் போகாமல் தடுக்கும் சுவர் அது. பிறகு தானத் திசுவை வைத்து, 10-0 நைலானில் (மிக மெல்லிய நூல்) 16 தனித்தனித் தையல்கள். நைந்த திசுவில் இழுத்துக் கட்டினால் நூல் அறுத்துக்கொண்டு வந்துவிடும். வெட்டிய துண்டில் பாதி கிருமிப் பரிசோதனைக்கு, பாதி நோயியல் (திசு) பரிசோதனைக்கு.

பூஞ்சை மருந்து தொடரும், ஸ்டீராய்டுக்கு அவசரமில்லை. ஒட்டு மங்கலாம். இந்த அறுவை கண்ணைக் காக்கத்தான். பார்வைக்கு, கண் அடங்கிய பிறகு இன்னொரு ஒட்டு வைக்கலாம். அதனால் புதுத் திசு கிடைக்கவில்லையே என்று நிற்க வேண்டாம், கிளிசரினில் வைத்த கருவிழியே இப்போதைக்குப் போதும்.