காது கொடுத்துக் காண வேண்டிய இடங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

வெளிநாடு போய்த் திரும்பியவரிடம் நாம் கேட்கும் முதல் கேள்வி, "என்னவெல்லாம் பார்த்தீர்கள்?" என்பதுதான். அங்கே என்ன ஓசை இருந்தது என்று யாரும் விசாரிப்பதில்லை. ஓர் இடம் அழகாக இருந்தால் கண்கொள்ளாக் காட்சி என்கிறோம். காதுக்கு அப்படி ஒரு சொல்லை நாம் உண்டாக்கி வைத்துக்கொள்ளவே இல்லை. உலகத்தின் அதிசய இடங்களைப் பற்றிப் பேச வேண்டும் என்று வானொலி நிலையத்தார் அழைத்தபோது, படம் எதையும் காட்டாமல் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் யோசித்தேன். அப்போதுதான் எனக்கே ஒன்று தெரிந்தது. பார்த்த காட்சிகள் பலவும் மங்கிவிட்டன. கேட்டவை அப்படியே இருக்கின்றன. ஆகவே இன்று ஓசையின் வழியாகவே சில இடங்களுக்கு உங்களை அழைத்துப் போகிறேன்.

ஆப்பிரிக்காவில் சாம்பியாவுக்கும் ஜிம்பாப்வேக்கும் எல்லையாக ஓடும் சாம்பெசி ஆறு, ஓரிடத்தில் 1,708 மீட்டர் அகலத்துக்கு அப்படியே ஒரு பாறைப் பிளவுக்குள் விழுகிறது. விழும் உயரம் 108 மீட்டர். 1855-இல் அங்கே வந்த பிரிட்டிஷ் பயணி டேவிட் லிவிங்ஸ்டன் தன் நாட்டு அரசியின் பெயரைச் சூட்டி அதை விக்டோரியா அருவி ஆக்கினார். அந்த மண்ணின் மக்கள் அதற்கு முன்பே வைத்திருந்த பெயர் மோசி ஓவா துன்யா. இடியாய் முழங்கும் புகை என்று பொருள். இரண்டில் எது பொருத்தமான பெயர் என்று கேட்டால், அருவியின் எதிரே ஒரு முறை நின்றவர் யாரும் தயங்க மாட்டார். ஏப்ரல் வாக்கில் ஆறு நிறைந்து வரும்போது சாரல் மேலெழுந்து எதிர்க்கரை முழுவதையும் மூடிவிடும். கைக்கெட்டும் தொலைவில் உலகத்தின் மிகப் பெரிய நீர்த்திரை விழுந்துகொண்டிருக்கும். கண்ணுக்கு வெள்ளைப் புகை மட்டும்தான் தெரியும். அருவியைப் பார்க்க முடியவில்லையே என்று முகம் வாடித் திரும்புகிறவர்கள் உண்டு. எனக்கு அவர்களை நிறுத்தி, கண்ணை மூடிக்கொண்டு ஐந்து நிமிடம் நில்லுங்கள் என்று சொல்லத் தோன்றும். அந்த முழக்கம் காதோடு நிற்காது. விலா எலும்பில் அதிரும். புகைக்கும் இடிக்கும் ஒரே சொல்லில் இடம் கொடுத்தவர்கள் அந்த இடத்தை எத்தனை தலைமுறை கூர்ந்து கேட்டிருப்பார்கள்!

அருவிக்குக் கீழே ஆறு கோணல்மாணலாகப் பல பள்ளத்தாக்குகள் வழியே போகிறது. அந்த ஒவ்வொரு வளைவும் முன்னொரு காலத்தில் அருவி விழுந்த இடம். எரிமலைப் பாறையில் உள்ள பிளவுகளை நீர் அரிக்க அரிக்க, அருவி மெல்ல மேற்புறமாக நகர்ந்து வந்திருக்கிறது. இன்று நாம் கேட்கும் முழக்கமும் ஒரு நாள் இடம் மாறிவிடும்.

இப்போது தென் அமெரிக்காவின் தெற்குக் கோடி. அர்ஜென்டினாவில் பெரிட்டோ மொரேனோ என்று ஒரு பனியாறு இருக்கிறது. அதன் முகப்பு ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் அகலம். ஏரிக்கு மேலே அறுபது, எழுபது மீட்டர் உயரத்துக்கு நீலமும் வெள்ளையுமாய் நிற்கும் சுவர். எதிரே உள்ள மலைச்சரிவில் நடைபாதைகள் அமைத்திருக்கிறார்கள். நான் போன அன்று கேமராவைக் கண்ணிலிருந்து எடுக்காமல் ஒரு மணி நேரம் நின்றேன். படீர் என்று ஓசை கேட்டது. சட்டென்று திரும்பினேன். நீரில் அலை மட்டும் வட்டமாக விரிந்துகொண்டிருந்தது. விழுந்த கட்டி ஒரு வீட்டளவு இருக்கும் என்றார்கள் பக்கத்தில் நின்றவர்கள். ஒளி உடனே வந்துவிடுகிறது. ஓசை நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர்தான் நகரும். ஓசையைக் கேட்டுத் திரும்புகிறவனுக்கு எப்போதும் அலைதான் மிச்சம்.

பிறகு கேமராவை மூடிப் பையில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். அப்போது வேறு ஓசைகள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கின. உள்ளே எங்கோ ஆழத்தில் மரம் முறிவது போன்ற நெரிசல். சிறு துண்டுகள் உதிரும் சலசலப்பு. நீண்ட அமைதி. மறுபடி ஒரு முனகல். பனியாறு என்று நாம் ஏன் ஆறு என்ற சொல்லைச் சேர்க்கிறோம் என்பது காதுக்குத்தான் விளங்குகிறது. அது நகர்ந்துகொண்டே இருக்கிறது. அங்கே மிதக்கும் ஒரு சின்னப் பனிக்கட்டியைக் கையில் எடுத்துக் காதருகே வைத்தால் நொறுநொறுவென்று மெல்லிய வெடிப்புகள் கேட்கும். பனி இறுகியபோது உள்ளே அகப்பட்டுக்கொண்ட பழைய காற்று, கட்டி உருக உருக வெளியே வரும் ஓசை அது. எத்தனையோ ஆண்டுகளுக்கு முன் வீசிய காற்று விரல்களின் நடுவே அவிழ்கிறது. நீண்ட காலம் நிலையாக இருந்ததாகப் பேர்பெற்ற அந்தப் பனியாறும் அண்மைக் காலமாகப் பின்வாங்கத் தொடங்கியிருக்கிறது என்பதை வருத்தத்தோடு சொல்கிறேன்.

இயற்கையின் ஓசையைச் சொன்னேன். நிலம் மனிதர்களுக்கே ஒரு மொழியைக் கற்றுக்கொடுத்த இடம் ஒன்று இருக்கிறது. அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல ஆசைப்படுகிறேன்.

ஸ்பெயினுக்குச் சொந்தமான கேனரித் தீவுகளில் லா கொமேரா மிகச் சிறியவற்றுள் ஒன்று. பரப்பு சுமார் 370 சதுர கிலோமீட்டர். நடுவில் ஓங்கிய மலை. அதன் உச்சியில் எப்போதும் மேகம் தங்கும் பழமையான காடு. அந்தக் கரஹோனாய்க் காடு 1986 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். உச்சியிலிருந்து கடலை நோக்கி நாலாபுறமும் ஆழமான பள்ளங்கள் இறங்குகின்றன. எதிர்ச் சரிவில் நிற்கும் ஆளின் சட்டை நிறம் தெரியும். அவரிடம் போய்ச் சேர வேண்டுமென்றால் முழுப் பள்ளமும் இறங்கி மறுபடி ஏற வேண்டும். கத்தினால் குரல் காற்றில் கரைந்துவிடும். அதனால் அந்தத் தீவு மக்கள் சீழ்க்கையில் பேசினார்கள்.

அது சைகை ஒலி இல்லை, முழு மொழி. ஸ்பானிய மொழியையே சீழ்க்கையாக மாற்றிவிடுகிறார்கள். ஐந்து உயிரொலிகளுக்கு இரண்டு சீழ்க்கை, மெய்களுக்கு நான்கு. இவ்வளவுதான் எழுத்து. ஒரு விரலை மடக்கி வாய்க்குள் வைத்து, மறு கையை ஊதுகுழலின் வாய் போலக் குவித்துக்கொண்டு ஊதுகிறார்கள். சுருதி ஏறுவதும் இறங்குவதும், ஒலி தொடர்வதும் அறுபடுவதும் சொல்லாகிறது. எழுத்து குறைவு என்பதால் ஒரே சீழ்க்கை பல சொற்களுக்குப் பொதுவாக வரும். எந்தச் சொல் என்பதைப் பேச்சின் போக்கை வைத்து எதிரே இருப்பவர் பிடித்துக்கொள்கிறார். ஆடு காணாமல் போனதும், சாவு நேர்ந்ததும், இன்னாரை வரச் சொல் என்பதும் இப்படித்தான் மலை தாண்டிப் போயின. ஸ்பானியர் வருவதற்கு முன்பே தீவின் பழங்குடிகளிடம் இந்த வழக்கம் இருந்தது. பின்னால் வந்த மொழியும் அதே சீழ்க்கைக்குள் ஏறிக்கொண்டது.

சாலை வந்தது, தொலைபேசி வந்தது, பிழைப்புத் தேடி மக்கள் கடல் கடந்து போனார்கள். சென்ற நூற்றாண்டின் பிற்பாதியில் சீழ்க்கை ஏறத்தாழ ஓயும் நிலைக்கு வந்துவிட்டது. அதைக் காப்பாற்றியது பள்ளிக்கூடம். 1999 முதல் தீவின் குழந்தைகளுக்கு அது பாடமாகக் கற்றுக்கொடுக்கப்படுகிறது. 2009-இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் அதைச் சேர்த்தது. ஒரு பத்து வயதுப் பெண் விரலை வாயில் வைத்து ஊத, பள்ளத்துக்கு அப்பாலிருந்து பதில் வருவதைக் கேட்பதற்காகவே அந்தத் தீவுக்குப் போகலாம். மலையும் பள்ளமும் அப்படி அமையாதிருந்தால் அந்த மொழி பிறந்தே இருக்காது. இயற்கை அதிசயம், பண்பாட்டு அதிசயம் என்று நாம் இரண்டு பட்டியல் போடுவது எவ்வளவு பொருளற்றது என்று எனக்குத் தோன்றுகிறது.

கல்லால் கட்டிய இடங்களும் பேசும். மெக்சிகோவில் சிச்சென் இட்சா. அந்த மண்ணின் பழங்குடிகளான மாயர்கள் அங்கே எழுப்பிய படிக்கட்டுப் பிரமிடு. நான்கு பக்கமும் பக்கத்துக்கு 91 படி. உச்சியின் மேடையையும் சேர்த்தால் 365. ஆண்டின் நாட்கணக்கு. இதை எல்லா வழிகாட்டிகளும் சொல்வார்கள். அதன் எதிரே நின்று ஒரு முறை கையைத் தட்டுங்கள். திரும்பி வருவது கைதட்டல் இல்லை. கீச்சென்று தொடங்கி இறங்கும் ஒரு பறவைக் குரல். கீழ்ப் படிகளில் பட்ட ஒலி முதலில் வருகிறது, மேற்படிகளில் பட்டது சற்றுச் சற்றுத் தாமதித்து வருகிறது. அந்த இடைவெளி நீள நீளச் சுருதி இறங்குகிறது. மாயர்கள் புனிதமாகக் கருதிய கெட்சால் பறவையின் குரலை அது ஒத்திருக்கிறது. கட்டியவர்கள் தெரிந்தே செய்தார்களா என்பதில் ஆய்வாளர்கள் ஒருமித்துப் பேசவில்லை. இறகு முளைத்த பாம்புத் தெய்வத்துக்கு எழுப்பிய கோயில் அந்தப் பறவையின் குரலில் பதில் சொல்வது எனக்குப் போதும்.

கிரேக்க நாட்டில் எபிடாரஸ் நாடக அரங்கு அதைவிடப் பழையது, கி.மு. நான்காம் நூற்றாண்டு. மலைச்சரிவில் 55 வரிசைக் கல் இருக்கைகள். அது ஒரு மருத்துவத் தலத்தின் பகுதி என்பதை மறந்துவிடக் கூடாது. நோய் தீர வந்தவர்கள் நாடகம் பார்த்தார்கள். மனத்தையும் சேர்த்து நலமாக்க வேண்டும் என்று அவர்கள் எண்ணியிருக்கிறார்கள். மேடையின் நடுவே ஒரு காசைப் போட்டால் கடைசி வரிசையில் கேட்கும், கிசுகிசுத்தாலும் கேட்கும் என்று சொல்வார்கள். 2017-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் ஒலிவாங்கிகளை வைத்து அளந்தார்கள். காசு விழுவது எங்கும் காதில் விழுகிறது. அது காசுதான் என்று பாதி வரிசை வரைதான் தெரிகிறது. கிசுகிசுப்பு முன்வரிசையோடு நின்றுவிடுகிறது. ஆனால் நடிகர் குரலெடுத்துப் பேசினால் கடைசி வரிசைக்கும் சொல் தெளிவாகப் போய்ச் சேருகிறது. ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் ஆயிரக்கணக்கானோருக்கு அது போதாதா? இல்லாத பெருமையை அதற்கு ஏற்ற வேண்டியதில்லை. கோடையில் அங்கே இன்றும் நாடகம் நடக்கிறது. முடிந்தால் அந்த நேரத்தில் போங்கள். வெறும் கல்லைப் பார்ப்பதற்கும் குரல் ஏறிய கல்லைக் கேட்பதற்கும் நிறைய வேறுபாடு இருக்கிறது.

குரோவேஷியாவின் சாதர் நகரக் கடற்கரையில் 2005-இல் அமைத்த கடல் இசைக்கருவியையும் இங்கே சொல்லிவிடுகிறேன். கடலுக்குள் இறங்கும் கற்படிகளுக்கு அடியில் 35 குழாய்கள். அலை உள்ளே காற்றைத் தள்ள, படிகள் பாடுகின்றன.

இந்த ஓசைகள் எல்லாவற்றையும் மூடிவிடும் ஓசை ஒன்று உண்டு, அது நம்முடையது. மனம் திறந்தே சொல்கிறேன், அருவிக்கு முன்னால் கைப்பேசியில் பாட்டுப் போடுகிறவர்களைக் கண்டால் எனக்குத் தாங்க முடியாத வருத்தம் வருகிறது. அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் 2014 முதல் டிரோன் பறக்கவிடத் தடை இருக்கிறது. அமைதியும் பாதுகாக்க வேண்டிய இயற்கைச் செல்வம் என்று அங்கே கருதுகிறார்கள். ஹவாயில் 3,000 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் ஹாலியகாலா எரிமலையின் உச்சிப் பள்ளம் ஒரு தனி உலகம். மரம் இல்லை, ஓடை இல்லை. காற்று நின்ற வேளையில் தன் நெஞ்சுத் துடிப்பையே கேட்கலாம். ஓசையே இல்லாத இடத்தையும் பயணத்தில் ஒரு நாள் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாகச் சீனாவின் துன்ஹுவாங். பாலைவனத்தின் விளிம்பில், பட்டுப் பாதையில் இருந்த ஊர். அதன் அருகே உள்ள மணல் மலைக்கு மிங்ஷா ஷான் என்று பெயர். பாடும் மணல் மலை. நன்கு உலர்ந்த, ஏறத்தாழ ஒரே அளவான மணல் மணிகள் சரிவில் ஒன்றாக வழுக்கும்போது அவற்றின் மோதல்கள் ஒரே சீரில் விழுந்து, மணற்பரப்பே ஒலிபெருக்கியின் சவ்வு போல அதிர்கிறது. தொலைவில் முரசு அடிப்பது போன்ற ஓசை. மணலில் ஈரம் ஏறிவிட்டால் மலை வாய் திறக்காது.

அதே மலையின் கிழக்கு விளிம்பில்தான் பௌத்தக் குகைக் கோயில்களான மொகாவ் குகைகள். கி.பி. 366-இல் ஒரு துறவி முதல் குகையைக் குடைந்தார். பிறகு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் குடைந்துகொண்டே இருந்தார்கள். ஓவியமும் சிற்பமும் உள்ள குகைகள் 492 இன்று எண்ணப்பட்டிருக்கின்றன. உள்ளே விளக்கு இல்லை. வழிகாட்டி கைவிளக்கைச் சுவர் மேல் நகர்த்துவார். அந்த ஒளி வட்டத்துக்குள் ஒரு கை வரும், ஒரு துகில் வரும், பிறகு இருட்டு. படம் எடுக்க அனுமதி இல்லை. நம் மூச்சில் உள்ள ஈரமே அந்தச் சுவர்களுக்குப் பகை. சுவர்ப் பூச்சில் உள்ள உப்பு அந்த ஈரத்தில் கரைந்து, மறுபடி உறைந்து, வண்ணத்தை உரித்துவிடும். அதனால்தான் ஒரு நாளில் இத்தனை பேர்தான் என்று வரையறை வைத்திருக்கிறார்கள். ஒருவருக்குச் சில குகைகளைத்தான் திறந்து காட்டுகிறார்கள். அந்தக் கட்டுப்பாட்டை முணுமுணுக்காமல் ஏற்றுக்கொள்ளுங்கள் என்று வேண்டிக்கொள்கிறேன்.

112-ஆம் எண் குகையில், ஒரு நடனப் பெண் பிப்பா என்ற வீணையைத் தலைக்குப் பின்னால் திருப்பிப் பிடித்து மீட்டுகிறாள். ஒரு கால் தூக்கியபடி. வேறு பல குகைகளில் சொர்க்கத்தின் காட்சி தீட்டப்பட்டிருக்கிறது. அந்த வானத்தில் முரசுகளும் குழல்களும் யாழ்களும் நாடாக்கள் பறக்க மிதக்கின்றன. பக்கத்தில் ஆள் யாரும் இல்லை. மீட்டாமலே தாமாக ஒலிக்கும் கருவிகள் அவை. கைவிளக்கு அவற்றின் மேல் சற்று நின்றுவிட்டு நகரும். குகையில் யாரும் பேச மாட்டார்கள். எல்லோரும் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்போம்.

நன்றி, வணக்கம்.