பாம்பன் பாலத்தின் நடுவே பெயரை மாற்றி என்ன பயன்?

பாம்பனில் சுற்றுலா வேன் ஓட்டும் நேயர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "வண்டிகள் மோதாமலிருக்கத் தமக்குள் ரேடியோவில் பேசிக்கொள்ளும் என்றீர்கள். அப்படியானால் என் வேன் எங்கே போகிறது என்பதை ஒட்டுக்கேட்பவன் எல்லாம் தெரிந்துகொள்வானே? செய்தியைச் சங்கேதமாக்கி அனுப்பினால் தீர்ந்துவிடாதா?"

தீராது ஐயா. எதிரே வருகிற முன்பின் அறியாத லாரி உங்கள் செய்தியை அந்தக் கணமே படித்தாக வேண்டும். அதனால் செய்தி திறந்தேதான் போகும். போலியில்லை என்று காட்ட மின்கையொப்பம் மட்டும் இருக்கும். அமெரிக்கத் தரமுறைப்படி நொடிக்கு 10 முறை இருப்பிடம், வேகம், திசை, பிரேக் நிலை எல்லாம் போகும். வண்டி எண் போகாது. ஆனால் வண்டியின் நீள அகலம் சென்டிமீட்டர் கணக்கில் போகும். அதுவே பாதி அங்க அடையாளம்.

கையொப்பம் செல்லும் என்று உறுதிசொல்லும் மின்சான்றிதழ் ஒன்று உண்டு. ஒரே சான்றிதழால் எப்போதும் கையொப்பமிட்டால் ஆள் யாரென்று தெரிந்துவிடும். அதனால் வாரத்துக்குக் குறைந்தது 20 புனைபெயர்ச் சான்றிதழ்களை, அதாவது சொந்த அடையாளம் காட்டாத சான்றிதழ்களை, வண்டியில் வைத்து, சில நிமிடங்களுக்கு ஒருமுறை மாற்றும்படி அமெரிக்காவில் வடிவமைத்தார்கள். கூடவே ரேடியோவின் மேக் முகவரியும், அதாவது அந்தக் கருவியின் அடையாள எண்ணும், மாற வேண்டும். ஒன்று விடுபட்டாலும் சாயம் வெளுத்துவிடும். வண்டியைப் பதிவு செய்யும் அமைப்பு வேறு, புனைபெயர் கொடுக்கும் அமைப்பு வேறு. இரண்டும் கைகோத்தால்தான் ஆளைப் பிடிக்கலாம். நல்ல ஏற்பாடுதான்.

ஆனால் உங்கள் ஊர்ப் பாலத்தையே பாருங்கள். இரண்டேகால் கிலோமீட்டருக்கு மேல் நீளம், கிளைச் சாலை கிடையாது. 60 கிலோமீட்டர் வேகத்தில் போனால் ஒரு செய்திக்கும் அடுத்ததற்கும் இடையே வேன் நகர்வது 2 மீட்டருக்கும் குறைவு. நடுப்பாலத்தில் பெயர் மாறினாலும், அதே தடத்தில், அதே வேகத்தில், அதே நீளத்தோடு இரண்டு மீட்டருக்குள் புதுப்பெயர் ஒன்று முளைத்தால் யார் ஏமாறுவார்? விடிகாலையில் தனுஷ்கோடிச் சாலையில் தனியாகப் போகும் வண்டிக்கும் இதே கதிதான்.

கூட்டம் வேண்டும். ஆடி அமாவாசை அன்று ராமேசுவரத்தில் வண்டிகள் நெருக்கியடித்து நிற்குமே, அங்கே பல வேன்கள் ஒரே சமயத்தில் பெயர் மாற்றினால் எது எது என்று பிரிப்பது பெரும்பாடு. மாற்றும் முன் சில நொடி ஒலிபரப்பை நிறுத்திவைப்பதும் ஒரு வழி. பாலத்தில் முந்தும் நேரத்தில் அந்த மௌனம் ஆபத்து; என்னைக் கேட்டால், வண்டி நிற்கும்போது மட்டும் மௌனமாக இருக்கட்டும்.

இன்னொன்று. 2019 முதல் பதிவான பயணிகள் வாடகை வண்டிகளில் இருப்பிடம் காட்டும் கருவி கட்டாயம். அது பக்கத்து வண்டியிடம் பேசுவதில்லை. செல்பேசி வலையமைப்பு வழியாக நேரே சர்வருக்கு அனுப்புகிறது. உங்கள் வேனும் அந்தக் கணக்கில் வந்தால், நான் சொன்ன புனைபெயர் எதுவும் அதற்குப் பொருந்தாது.