தொடங்கியதை முடித்துவைத்தல்: அன்றாட மன அழுத்தம் குறித்து ஓர் உரை

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

மேடையேறிய இந்த நேரத்தில் என் இதயம் வழக்கத்தைவிட விரைவாகத் துடித்துக்கொண்டிருக்கிறது. உள்ளங்கை சற்று ஈரமாகவும் நாக்கு வறண்டும் இருக்கின்றன. பல முறை மேடையில் பேசிய பிறகும் இது என்னை விட்டுப் போகவில்லை. மன அழுத்தத்தைப் பற்றிப் பேச வந்தவனுக்கே இந்த நிலையா என்று நீங்கள் சிரித்தால் அதில் தவறில்லை. ஆனால் நான் பேச எடுத்துக்கொண்ட பொருளே இதுதான் என்பதால், இதை மறைக்காமல் இதிலிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் அந்தச் சொல்லைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். ‘மன அழுத்தம்’ என்று நாம் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டதால், அது மனத்துக்குள் மட்டுமே நடக்கும் ஒன்று என்றும், மன உறுதி உள்ளவர்களுக்கு அது வராது என்றும் ஓர் எண்ணம் ஊறிவிட்டது. இன்னொரு குழப்பமும் உண்டு: மனச்சோர்வு என்ற நோயையும் பலர் இதே சொல்லால் குறிப்பிடுகிறார்கள். இன்று நான் பேசுவது நோயைப் பற்றியன்று. முடிக்க வேண்டிய வேலை, வராத பதில், காலையில் காதில் விழுந்து மாலைவரை உறுத்திக்கொண்டிருக்கும் ஒரு சுடுசொல், நெருங்கி வரும் கடன் தவணை ஆகிய இவை நம் உடலிலும் மனத்திலும் நாள்தோறும் செய்யும் வேலையைப் பற்றியே பேசுகிறேன்.

அமெரிக்க உடலியல் அறிஞர் வால்டர் கேனன், ஆபத்தைக் கண்ட உயிர் ஒன்று போரிடுவதற்கோ தப்பி ஓடுவதற்கோ தன் முழு உடலையும் தயார்படுத்திக்கொள்ளும் விதத்தை 1915ஆம் ஆண்டில் விளக்கினார். சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் சில நொடிகளில் அட்ரினலின் என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. இதயம் விரைகிறது, தசைகளுக்கு இரத்தம் பாய்கிறது, அந்த நேரத்தில் அவசரமில்லாத செரிமானம் ஒத்திவைக்கப்படுகிறது. என் நாக்கு வறண்டதற்குக் காரணமும் அதுதான். ஓடப்போகிறவனுக்கு உமிழ்நீர் எதற்கு? சில நிமிடங்கள் கழித்து இரண்டாம் அலையாக, அதே சுரப்பிகளிலிருந்து கார்டிசால் என்ற இன்னொரு ஹார்மோன் வருகிறது. கல்லீரலிலிருந்து சர்க்கரையை இரத்தத்தில் இறக்கி, போராட்டம் நீடித்தாலும் தாக்குப்பிடிக்க வழிசெய்வது அதன் வேலை. இந்த ஏற்பாட்டில் என்னை மிகவும் வியக்கவைக்கும் பகுதி இனிதான் வருகிறது: இரத்தத்தில் ஏறிய கார்டிசால் மூளையை எட்டி, ‘போதும், உற்பத்தியை நிறுத்து’ என்ற செய்தியையும் தானே கொடுக்கிறது. அதாவது, தொடங்கும் விசையோடு நிறுத்தும் விசையும் சேர்த்தே நமக்குள் பொருத்தப்பட்டிருக்கிறது. நான் பேசத் தொடங்கிச் சில நிமிடங்கள் ஆகின்றன. என் துடிப்பு இப்போது பெருமளவு அடங்கிவிட்டது. அதற்காக நான் தனியாக எந்த முயற்சியும் செய்யவில்லை.

அப்படியானால் சிக்கல் எங்கே இருக்கிறது? மாண்ட்ரீல் நகரில் பணியாற்றிய ஹான்ஸ் செல்யே என்ற இளம் ஆய்வாளர், புதிய ஹார்மோன் ஒன்றைக் கண்டுபிடிக்கும் ஆசையில் எலிகளுக்குச் சுரப்பிச் சாறுகளைச் செலுத்திக்கொண்டிருந்தார். எலிகளின் அட்ரினல் சுரப்பி பெருத்தது, நோய் எதிர்ப்புக்கு உதவும் தைமஸ் சுருங்கியது, இரைப்பையில் புண் உண்டானது. ஹார்மோன் கிடைத்துவிட்டது என்று மகிழ்ந்தவர், தொடர்பே இல்லாத வேறு பொருள்களைச் செலுத்தியபோதும், குளிரில் வைத்தபோதும், களைக்கும்வரை ஓடவைத்தபோதும் அதே மூன்று மாற்றங்களைக் கண்டு ஏமாந்தார். அந்த ஏமாற்றத்திலிருந்துதான், எந்தத் துன்பமானாலும் அது விடாமல் நீடித்தால் உடல் ஒரே பாதையில் முதலில் விழித்து, பிறகு தாங்கி, கடைசியில் தளர்ந்துபோகிறது என்ற கருத்து 1936ஆம் ஆண்டில் பிறந்தது. ‘விடாமல் நீடித்தால்’ என்பதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

புலி துரத்திய மான் தப்பிவிட்டால் சிறிது நேரத்தில் மேயத் தொடங்கிவிடுகிறது. நாமோ நேற்று நடந்த கூட்டத்தில் மேலாளர் சொன்னதை இன்று குளிக்கும்போதும், சாப்பிடும்போதும், படுக்கையிலும் மறுபடி மறுபடி நடத்திப் பார்க்கிறோம். நினைவாக வரும் புலிக்கும் நேரில் வரும் புலிக்கும் நம் சுரப்பிகள் பெரிய வேறுபாடு பார்ப்பதில்லை. இப்படி நிறுத்தும் விசை வேலை செய்ய வாய்ப்பே தராமல் நாள்கணக்கில் ஓடும் இயந்திரத்தின் தேய்மானத்தை, ப்ரூஸ் மெக்ஈவென் என்ற நரம்பியல் அறிஞர் 1993ஆம் ஆண்டில் ஒரு சுமையாகவே வரையறுத்தார். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், உளவியலாளர் ஷெல்டன் கோஹனும் அவருடன் பணியாற்றியவர்களும் நலமாக இருந்த 394 தன்னார்வலர்களின் மூக்கில் சளிக்காய்ச்சல் வைரஸ் கலந்த துளிகளை விட்டுப் பார்த்தார்கள். அழுத்தம் மிகுந்திருப்பதாகத் தெரிவித்தவர்களுக்கே தொற்றும் மிகுதியாக ஏற்பட்டது.

ஆகவே, அழுத்தமே இல்லாத வாழ்க்கையை வாங்கித் தருவதாக யாரேனும் சொன்னால் நான் அந்தப் பக்கம் போவதில்லை. அழுத்தம் தொடங்கத்தான் செய்யும்; அன்றன்று தொடங்கியதை அன்றன்று முடித்துவைக்க நமக்குத் தெரிகிறதா என்பதே கேள்வி. மனப்பாங்கும் பழக்கமும் இந்த இடத்தில்தான் உதவிக்கு வருகின்றன.

மனப்பாங்கை முதலில் எடுத்துக்கொள்வோம். உளவியலாளர்களான ரிச்சர்ட் லாசரஸும் சூசன் ஃபோக்மனும் 1984ஆம் ஆண்டில் விரிவாக எழுதியபடி, ஒரு நிகழ்வு வந்ததும் நமக்குள் இரண்டு கேள்விகள் எழுகின்றன: இது எனக்குத் தீங்கு செய்யுமா? தீங்கென்றால் அதைச் சமாளிக்க என்னிடம் ஏதாவது இருக்கிறதா? ‘நாளை வந்து என்னைப் பாருங்கள்’ என்று மேலதிகாரியிடமிருந்து ஒரே வரிச் செய்தி இரண்டு பேருக்கு வருகிறது. ஒருவர் இரவு முழுவதும் புரண்டுகொண்டிருக்கிறார், மற்றவர் தூங்கிவிடுகிறார். செய்தி ஒன்றுதான், அந்த இரண்டு கேள்விகளுக்கும் அவரவர் தந்துகொண்ட விடைதான் வேறு. முதல் கேள்விக்கான விடையை மாற்றுவது பெரும்பாலும் நம் கையில் இருப்பதில்லை. இரண்டாம் கேள்விக்கான விடையை மாற்றலாம். என்னிடம் என்ன இருக்கிறது, யாரைக் கேட்கலாம், இதற்கு முன் இதுபோன்றது வந்தபோது என்ன செய்தேன் என்று எண்ணிப் பார்க்கத் தொடங்கும்போதே உடலுக்குப் போகும் செய்தி மாறத் தொடங்குகிறது.

இதோடு ஒட்டிய ஓர் ஆய்வு எனக்குத் தனிப்பட்ட முறையில் பயன்பட்டிருக்கிறது. அலிசன் உட் ப்ரூக்ஸ் என்ற ஆய்வாளர் 2014ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், பிறர் முன்னிலையில் பாடவும் பேசவும் வேண்டியிருந்தவர்களில், ‘அமைதியாக இருக்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டவர்களைவிட ‘உற்சாகமாக இருக்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டவர்கள் சிறப்பாகச் செய்தார்கள். காரணம் எளிது. துடிக்கிற இதயத்தை ஒரு கணத்தில் அடக்குவது கடினம். அந்தத் துடிப்புக்கு வேறு பெயர் சூட்டுவது அத்தனை கடினமில்லை. திரைக்குப் பின்னால் நின்றபோது நானும் இன்று அதைத்தான் செய்தேன்.

ஆனால் ஒரு எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிட வேண்டும். மூன்று பேர் செய்ய வேண்டிய வேலையை ஒருவர் தலையில் கட்டிவிட்டு, ‘உன் பார்வையை மாற்றிக்கொள்’ என்று அறிவுரை சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. அங்கே மாற வேண்டியது சுமைதான். ‘என்னால் இது முடியாது’ என்றோ, ‘இதைச் செய்தால் அதைச் செய்ய இயலாது, எது வேண்டும்?’ என்றோ கேட்கப் பழகுவதையும் நான் மனப்பாங்கிலேயே சேர்க்கிறேன். பலருக்கு மூச்சுப் பயிற்சியைவிட இது கடினமாக இருப்பதையும் பார்த்திருக்கிறேன்.

சுழன்றுகொண்டே இருக்கும் எண்ணங்களை என்ன செய்வது? முடிந்த வேலையைவிட முடியாத வேலையே மனத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும் என்பதை ப்ளூமா செய்கார்னிக் என்ற உளவியலாளர் 1927ஆம் ஆண்டிலேயே எழுதினார். அப்படியானால் எல்லாவற்றையும் முடித்துவிட்டுத்தான் தூங்க வேண்டும் என்று பொருளா என்றால், இல்லை. 2018ஆம் ஆண்டில் வெளியான ஒரு தூக்க ஆய்வில், படுக்கும் முன் ஐந்து நிமிடம் ஒதுக்கி வரும் நாள்களில் செய்ய வேண்டியவற்றை எழுதிவைத்தவர்கள், செய்து முடித்தவற்றை எழுதியவர்களைவிட ஏறத்தாழ ஒன்பது நிமிடம் முன்னதாகவே உறங்கிப்போனார்கள். பட்டியல் எவ்வளவு குறிப்பாக இருந்ததோ அவ்வளவு விரைவாக உறக்கம் வந்தது. ‘வீட்டு வேலை’ என்று எழுதுவதைவிட, ‘காலை பத்து மணிக்குக் குழாய் பழுதுபார்ப்பவரை அழைக்க வேண்டும்’ என்று எழுதுவது மேல். தாளில் ஓர் இடம் கிடைத்துவிட்டால், அதைக் காவல் காக்கும் பொறுப்பை மனம் விட்டுவிடுகிறது போலும்.

இனி உடலின் பக்கம். நமக்குள் தானாக இயங்கும் செயல்களில், நாம் விரும்பியபோது கையில் எடுத்துக்கொள்ள இடம் தருவது மூச்சு. உள்ளிழுக்கும்போது இதயத் துடிப்பு சற்று விரைகிறது. வெளிவிடும்போது, மூளையிலிருந்து இதயம்வரை இறங்கி அதன் வேகத்தைத் தணிக்கும் வேகஸ் நரம்பின் பிடி கூடித் துடிப்பு தணிகிறது. எனவே வெளிமூச்சை நீட்டுவதே இதன் உத்தி. வழக்கமாக நிமிடத்துக்குப் பன்னிரண்டு முதல் இருபது முறை மூச்சு விடுகிறோம். நான்கு நொடி உள்ளே, ஆறு நொடி வெளியே என்று வைத்துக்கொண்டால் அது ஆறு முறையாகக் குறைகிறது. ஐந்து நிமிடம் போதும். தலை சுற்றினால் வலிந்து இழுக்கிறீர்கள் என்று பொருள். விட்டுவிட்டு இயல்பாக மூச்சு விடுங்கள்.

நடையைப் பற்றி எல்லோரும் சொல்லிவிட்டார்கள் என்றாலும், அதை நான் வேறொரு கோணத்தில் பார்க்கிறேன். ஓடுவதற்காக இரத்தத்தில் இறக்கப்பட்ட சர்க்கரையை வைத்துக்கொண்டு நாம் நாற்காலியிலேயே அமர்ந்திருக்கிறோம். எழுந்து விரைந்து நடப்பது, உடல் கேட்டதைத் தாமதமாகவேனும் கொடுப்பதற்கு ஒப்பானது. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். குறைந்த அளவைக் கணக்கிட்டால் நாளுக்கு இருபத்திரண்டு நிமிடத்துக்குள் அடங்கிவிடும். சண்டை போட்டு முடித்த கையோடு பத்து நிமிடம் நடந்துவிட்டு வந்து பேசிப் பாருங்கள். அதே ஆளிடம் பேச்சு வேறாக இருக்கும்.

தூக்கத்தில் நாம் செய்யும் தவறுகள் பெரும்பாலும் மாலையிலேயே நடந்துவிடுகின்றன. காபியிலும் தேநீரிலும் உள்ள காஃபீனில் பாதி உடலை விட்டு நீங்கச் சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகிறது. மாலை ஐந்து மணிக்குக் குடித்ததில் பாதி, இரவு பத்து மணிக்கும் உள்ளே விழித்திருக்கிறது. மது தூக்கத்தைத் தருவதுபோல் தந்து, பின்னிரவில் அதைத் துண்டு துண்டாக்கிவிடும். கார்டிசால் நள்ளிரவையொட்டி மிகத் தாழ்ந்து விடியலில் உயரும் இயல்புடையது. நாள்தோறும் ஒரே நேரத்தில் எழுவது அந்த ஒழுங்குக்குத் துணை நிற்கிறது. வளர்ந்தவர்களுக்கு ஏழு மணி நேரத் தூக்கமாவது வேண்டும்.

இவற்றையெல்லாம் கேட்டுவிட்டு, நாளை முதல் நடை, மூச்சு, நாட்குறிப்பு, காபி நிறுத்தம் என்று ஒரே நாளில் தொடங்கி, மூன்றாம் நாள் தவறவிட்டதற்காகத் தம்மையே திட்டிக்கொள்வோர் உண்டு. அமைதி தேடுவதற்கென்று ஓர் அட்டவணை போட்டு, அந்த அட்டவணையாலேயே படபடத்த காலம் எனக்கும் இருந்தது. ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே செய்துவரும் ஏதாவது ஒரு செயலின் வாலில் அதைக் கட்டிவிடுங்கள். பல் துலக்கியதும் பட்டியல் எழுதுவது என்பதுபோல.

கடைசியாக, இந்த உரையின் எல்லைக்கு வெளியே நிற்பவற்றைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாள்களில் மனம் சோர்ந்தே கிடந்தாலோ, பிடித்தவற்றிலும் நாட்டம் அற்றுப்போனாலோ அது மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டிய செய்தி. வாழ வேண்டாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் இரண்டு வாரம் காத்திருக்கக் கூடாது, அன்றே போக வேண்டும். மார்பு வலியையும் மூச்சுத்திணறலையும் ‘எல்லாம் டென்ஷன்தான்’ என்று தாமே தீர்ப்பு எழுதிக்கொண்டு வீட்டில் இருந்துவிடக் கூடாது. அது அழுத்தத்தால் வந்ததா இதயத்தால் வந்ததா என்பதைச் சோதித்துச் சொல்ல வேண்டியவர் மருத்துவர். இப்போது உங்கள் கேள்விகளைக் கேட்கலாம்.