அனுமதி இல்லை என்று சர்வர் சொன்னால்

நேயர்களுக்கு வணக்கம். சொந்தமாக ஓர் இணையதளம் வேண்டும் என்று இறங்குகிறவர்களில் நிறையப் பேர் வேர்ட்பிரஸில்தான் தொடங்குகிறார்கள். 2003 முதல் இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள் அது. ஜிப் கோப்பை சர்வரில் ஏற்றி, பிரித்து, டேட்டாபேஸ் விவரங்களைக் கொடுத்தால் தளம் தயார். ஆனால் பலருக்கு வேலை பாதியில் நின்றுவிடுகிறது. ஃபோல்டரை உருவாக்க முடியவில்லை, கோப்பில் எழுத முடியவில்லை, அனுமதி இல்லை என்று திரையில் செய்தி வருகிறது. இன்னும் சிலரிடம் வேர்ட்பிரஸ் திடீரென்று, சர்வருக்குக் கோப்புகளை அனுப்பும் வழியான எஃப்டிபியின் பாஸ்வேர்டைக் கேட்கும்.

அந்த நேரத்தில் யாராவது ஒருவர் வந்து, "777 போடு, சரியாகிவிடும்" என்பார். தயவுசெய்து போடாதீர்கள். ஏன் என்று சொல்கிறேன்.

லினக்ஸ் இயங்குதளத்தில் ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் உரிமையாளர் உண்டு, ஒரு குழு உண்டு. யாருக்கு என்ன அனுமதி என்று சொல்லும் அந்த மூன்று இலக்கங்களில் முதலாவது உரிமையாளருக்கு, அடுத்தது குழுவுக்கு, கடைசி மற்ற எல்லோருக்கும். படிக்க 4, எழுத 2, இயக்க 1. மூன்றையும் கூட்டினால் 7. ஆக 777 என்றால் அந்த சர்வரில் இருக்கும் எந்தக் கணக்கும் உங்கள் கோப்பில் எதை வேண்டுமானாலும் எழுதலாம் என்று பொருள். பல வாடிக்கையாளர்களின் தளங்களை ஒரே சர்வரில் வைத்திருக்கும் ஹோஸ்டிங் சேவையில் அது எவ்வளவு பெரிய ஆபத்து என்று யோசித்துப் பாருங்கள். வேர்ட்பிரஸ் எழுதப்பட்டிருக்கும் மொழி பிஎச்பி. அந்த பிஎச்பி நிரல்களை வாடிக்கையாளரின் சொந்தக் கணக்கிலேயே ஓடவிடும் சில ஹோஸ்டிங்குகளில் 777 உள்ள நிரலை சர்வர் இயக்கவே மறுத்துவிடும். அப்போது திரையில் 500 என்ற பிழை வரும். பழைய பிழை போகாமலே புதுப் பிழை ஒன்று சேர்ந்துகொள்ளும்.

அதனால் எண்ணைத் தொடுவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேளுங்கள்: என் பிஎச்பி எந்தக் கணக்கின் பேரில் ஓடுகிறது? இதற்கு விடை கிடைத்துவிட்டால் முக்கால்வாசிச் சிக்கல் தீர்ந்துவிடும் என்பது என் உறுதியான எண்ணம்.

உபுண்டு, டெபியன் என்ற லினக்ஸ் வகைகளில் அந்தக் கணக்கின் பெயர் வழக்கமாக டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா. ரெட்ஹேட் குடும்பத்தில் அப்பாச்சி. நீங்களோ சூடோ கட்டளை போட்டு, முழு அதிகாரமுள்ள ரூட் கணக்கில் ஜிப்பைப் பிரித்திருப்பீர்கள். கோப்புகளெல்லாம் ரூட்டுக்குச் சொந்தமாகிவிட்டன. எழுத வேண்டியது வேறு கணக்கு. 755, 644 என்று எண்கள் ஒழுங்காகவே இருந்தாலும் அந்தக் கணக்கால் எழுத முடியாது. இங்கே மாற்ற வேண்டியது உரிமையாளரை. அதற்கான கட்டளை சிஎச்ஓன். எண்ணை மாற்றுகிற சிஎச்மோட் அடுத்த கட்டம்தான்.

வேர்ட்பிரஸ் எஃப்டிபி விவரம் கேட்பதற்கும் இதுதான் காரணம். அது ஒரு தற்காலிகக் கோப்பை எழுதிப் பார்க்கிறது. அப்படி எழுத முடியாவிட்டாலோ, புதுக் கோப்பின் உரிமையாளரும் வேர்ட்பிரஸ் கோப்புகளின் உரிமையாளரும் வேறு வேறாக இருந்தாலோ, நேரடியாக எழுதும் எண்ணத்தைக் கைவிட்டு வேறு வழி தேடுகிறது. பாஸ்வேர்ட் கேட்கிறதே என்று பயந்துவிட வேண்டாம்.

உரிமையாளர் சரியான பிறகு எண்களுக்கு வருவோம். ஃபோல்டர்களுக்கு 755, கோப்புகளுக்கு 644. இரண்டையும் தனித்தனியாகப் போட வேண்டும். ஒரே கட்டளையில் எல்லாவற்றுக்கும் 644 போட்டால் தளம் மொத்தமும் 403, அதாவது அனுமதி மறுப்பு என்ற பிழையோடு நின்றுவிடும். ஏனென்றால் ஃபோல்டருக்கு அந்த 1 என்பது உள்ளே நுழைகிற அனுமதி. உள்ளறைச் சாவி கையில் இருந்தும் வாசற்கதவு பூட்டியிருந்தால் எப்படிப் போவது? மேலே உள்ள ஒவ்வொரு ஃபோல்டரிலும் நுழைய முடிந்தால்தான் கோப்பை எட்ட முடியும். உபுண்டு 21.04 பதிப்பிலிருந்து புதிய பயனர்களின் ஹோம் ஃபோல்டர் 750 என்றே உருவாகிறது. தளத்தை ஹோம் ஃபோல்டருக்குள் வைத்துவிட்டு, எல்லா எண்ணும் சரியாக இருந்தும் ஏன் திறக்கவில்லை என்று தவிப்பவர்கள் இதைப் பார்க்க வேண்டும். நேம்ஐ என்றொரு சின்னக் கட்டளை இருக்கிறது. ஹைஃபன் எல் சேர்த்துக் கோப்பின் முழுப் பாதையையும் கொடுத்தால், வழியில் உள்ள ஒவ்வொரு ஃபோல்டரின் உரிமையாளரையும் அனுமதியையும் வரிசையாகக் காட்டும். எந்த இடத்தில் அடைபட்டிருக்கிறது என்பது உடனே தெரிந்துவிடும்.

உரிமையாளரும் சரி, எண்ணும் சரி, ஆனாலும் அனுமதி இல்லை என்று வந்தால்? ரெட்ஹேட், ராக்கி, அல்மா லினக்ஸ் வைத்திருப்பவர்கள் எஸ்இலினக்ஸைச் சந்தேகிக்கலாம். இது வழக்கமான அனுமதிகளுக்கு மேலே இன்னொரு காவல். ஒவ்வொரு கோப்பிலும் உள்ள அடையாளச் சீட்டைப் பார்த்து அனுமதிப்பது. கோப்புகளை ஹோம் ஃபோல்டரில் பிரித்து, எம்வி கட்டளையால் நகர்த்தினால் பழைய அடையாளச் சீட்டும் கூடவே வந்துவிடும். ரீஸ்டோர்கான் கட்டளை அதைத் திருத்தும். படங்கள் போன்றவை ஏறும் அப்லோட்ஸ் போல எழுத வேண்டிய ஃபோல்டர்களுக்கு மட்டும் எழுதும் சீட்டைத் தனியாகக் கொடுக்க வேண்டும். எஸ்இலினக்ஸையே அணைத்துவிடு என்ற யோசனையும் 777 வகைதான்.

அப்புறம் டேட்டாபேஸ். வேர்ட்பிரஸ் பயன்படுத்தும் டேட்டாபேஸ் மென்பொருள் மைஎஸ்கியூஎல். அதன் கணக்குகள் தனி, லினக்ஸ் கணக்குகள் தனி. பிழை எண் 1045 என்றால் பெயரோ பாஸ்வேர்டோ பொருந்தவில்லை. 1044 என்றால் உள்ளே வந்தாயிற்று, ஆனால் அந்த டேட்டாபேஸில் உரிமை இல்லை. சிபேனல் என்ற ஹோஸ்டிங் நிர்வாகப் பக்கத்தில் டேட்டாபேஸை உருவாக்குவார்கள், பயனரை உருவாக்குவார்கள், பயனரை டேட்டாபேஸில் சேர்க்கும் மூன்றாவது படியை விட்டுவிடுவார்கள். உபுண்டுவில் மைஎஸ்கியூஎல் ரூட் கணக்கை வேர்ட்பிரஸில் கொடுத்தால் 1698 வரும். அந்தக் கணக்கு பாஸ்வேர்டைப் பார்ப்பதில்லை, லினக்ஸ் ரூட்டாக வருபவரை மட்டும்தான் உள்ளே விடும். தளத்துக்கென்று தனிப் பயனரை உருவாக்கிக்கொள்ளுங்கள்.

சரி, எல்லாக் கோப்பையும் பிஎச்பி ஓடும் சர்வர் கணக்குக்கே சொந்தமாக்கலாமா? வல்லுநர்கள் இதில் இரண்டு பக்கமாக நிற்கிறார்கள். அப்படிச் செய்தால், பிளகின் எனப்படும் கூடுதல் வசதி நிரல் ஏதாவது ஒன்றில் ஓட்டை இருந்தாலும் அதன் வழியே நுழைகிறவர் மொத்த நிரலையும் மாற்றி எழுத முடியும். ஆனால் 2013இல் வந்த 3.7 பதிப்பு முதல் வேர்ட்பிரஸ் சிறு பாதுகாப்புத் திருத்தங்களைத் தானாகவே போட்டுக்கொள்கிறது. எழுத அனுமதி இல்லாவிட்டால் அது நின்றுபோகும். கணினி ஆள் இல்லாத சின்னக் கடை, பள்ளி, சங்கம் போன்றவற்றுக்குத் தானியங்கித் திருத்தம் நடப்பதே நல்லது என்பேன். கூடவே அப்லோட்ஸ் ஃபோல்டருக்குள் பிஎச்பி இயங்காதபடி தடுத்துவிடுங்கள். டேட்டாபேஸ் பாஸ்வேர்ட் இருக்கும் கான்ஃபிக் கோப்பை மற்றவர்கள் படிக்க முடியாதபடி 640 என்றோ, பிஎச்பி உங்கள் சொந்தக் கணக்கிலேயே ஓடினால் 600 என்றோ வையுங்கள்.

ஹோஸ்டிங் நிறுவனத்திடம் உதவி கேட்க நேர்ந்தால் "வேலை செய்யவில்லை" என்று மட்டும் எழுதாதீர்கள். பிழைச் செய்தியை அப்படியே கொடுங்கள். கோப்பின் முழுப் பாதை, எல்எஸ் ஹைஃபன் எல் என்ற கட்டளை காட்டிய உரிமையாளர், பிழை வந்த நேரம் மூன்றையும் சேருங்கள். பிஎச்பி எந்தக் கணக்கில் ஓடுகிறது என்றும் கேளுங்கள். பாஸ்வேர்டை மட்டும் அதில் எழுதிவிடாதீர்கள். வணக்கம்.