புது ஜீனஸ்னா புது பிராணி மட்டும் இல்ல மக்களே | ஜுஹூ கரையில இறால் வளை

வணக்கம் மக்களே, எல்லாரும் எப்படி இருக்கீங்க, இன்னைக்கு ஜுஹூ பீச்ல இருந்து பேசுறேன், காத்து சத்தம் கொஞ்சம் கூடவே வரும், மைக்க துப்பட்டாக்குள்ள சுத்தி வச்சிருக்கேன், பரவாயில்லாம கேக்கும்னு நம்புறேன். அமாவாசைய ஒட்டி வந்திருக்கேன், ஏன்னா அமாவாசை பௌர்ணமி சமயத்துல தான் மும்பைல கடல் நல்லா உள்வாங்கும், ஏத்தத்துக்கும் வத்தத்துக்கும் நடுவுல நாலு அஞ்சு மீட்டர் வித்தியாசம் வரும், நம்ம மெரினாவுல அதெல்லாம் ஒரு மீட்டர் சுமாருக்கு தான், அதனால அங்க தண்ணிக்கு அடியிலயே கிடக்குற தரை இங்க அப்படியே வெளிய வந்துரும், நடந்து போய் பாக்கலாம்.

கேமராவ கீழ காட்டுறேன் பாருங்க. இந்த ஓட்டைய சுத்தி குட்டி குட்டி மண் உருண்டை வட்டமா கிடக்குதுல்ல, இது சின்ன நண்டு, மண்ண வாய்ல போட்டு சாப்பிட வேண்டியத எடுத்துட்டு மிச்சத்த உருட்டி வச்சிருக்கு, இது இந்த பீச் பூரா இருக்கும். இப்ப இன்னும் தண்ணி பக்கம், ஈரம் ஜாஸ்தியா இருக்குற இடத்துல பாருங்க, சின்ன மண் கூம்பு, உச்சியில பென்சில் நுழையுற அளவுக்கு கூட இல்லாத ஓட்டை. கொஞ்ச நேரம் அசையாம உக்காந்து பாத்தா அதுல இருந்து குபுக்குனு மண் கலந்த தண்ணி வெளிய வரும். கோஸ்ட் ஷ்ரிம்ப்னு சொல்ற இறால் கட்டுறது இந்த மாதிரி கூம்பு தான், இன்னைக்கு வீடியோ முழுக்க அந்த குடும்பத்த பத்தி தான், குறிப்பா புது ஜீனஸ், அதாவது நெருங்கின சொந்தமான இனங்கள ஒன்னா சேக்குற பேரினம், அத புதுசுன்னு எதுக்கு அறிவிக்குறாங்க, எப்படி அறிவிக்குறாங்கன்னு.

நாம மார்க்கெட்ல வாங்குற இறால மனசுல வச்சுக்காதீங்க. இது வேற ஆளு. வெளுத்த உடம்பு, ஓடு எவ்வளவு மெல்லிசுன்னா குடல் போற பாதை வெளியவே தெரியும், பொட்டையா இருந்தா முட்டைப்பை ஆரஞ்சு கலர்ல முதுகு வழியா தெரியும், கண்ணு சின்ன புள்ளி தான், இருட்டுல வாழுறதுக்கு அது போதும். ஒரு பக்கம் கொடுக்கு மட்டும் பெருசு, சிலதுக்கு வலது, சிலதுக்கு இடது, ஆணுக்கு இன்னும் பெருசா இருக்கும். வயித்துக்கு அடியில இருக்குற நீச்சல் கால்ல கடைசி மூணு ஜோடி இலை மாதிரி அகலமா இருக்கும், அத வீசி வீசி தான் வளைக்குள்ள தண்ணிய ஓட்டும். கடல் உள்வாங்கி வளைக்குள்ள ஆக்சிஜன் தீர்ந்து போனாலும் தாக்குப் பிடிக்கும், அமெரிக்காவோட மேற்கு கரையில இருக்குற நியோட்ரைபியா கலிஃபோர்னியென்சிஸ்னு ஒரு வகை ஆக்சிஜனே இல்லாத தண்ணியில கிட்டத்தட்ட 6 நாள் உயிரோட இருந்தத சோதனையில பாத்திருக்காங்க. வளையோட வடிவத்த பாக்கணும்னா ஓட்டைக்குள்ள ரெசின் ஊத்தி, இறுகுனதும் தோண்டி எடுப்பாங்க, சிலது ஒரு மீட்டருக்கும் ஆழமா போய் உள்ள அறை அறையா பிரியும். இந்த கூம்புக்கு கீழயும் ஒரு வீடு இருக்குன்னு நினைச்சு பாருங்க.

சரி மேட்டருக்கு வரேன். புது ஜீனஸ் கண்டுபிடிப்புன்னு நியூஸ் வந்தா, யாரும் பாக்காத ஒரு ஜீவன திடீர்னு கடல்ல இருந்து தூக்கிட்டு வந்துட்டாங்கன்னு தான் நமக்கு தோணும். சில சமயம் அப்படியும் நடக்கும். ஆனா நிறைய தடவ அந்த பிராணி ஏதோ ஒரு மியூசியத்துல ஜாடிக்குள்ள பல வருஷமா இருந்திருக்கும், பேரும் இருந்திருக்கும், வேற ஜீனஸ்ல போட்டு வச்சிருப்பாங்க. ஜீனஸ்ங்கிறது ஒரு பிராணிய பத்தின சேதி இல்ல, யாருக்கு யார் சொந்தம்ங்கிறத பத்தின சேதி. ரேஷன் கார்டு பிரிக்கிற மாதிரி வச்சுக்கோங்க, ஒருத்தர தனி கார்டுக்கு மாத்துறீங்கன்னா, அவர் தனியா இருக்குறார்னு காட்டினா மட்டும் பத்தாது, பழைய கார்டுல மிச்சம் இருக்குறவங்க நெஜமாவே ஒரு குடும்பம் தானான்னும் காட்டணும். இந்த ரெண்டாவது பாதி தான் கஷ்டம், நியூஸ்ல வராதது அதுதான், அதுக்காக உழைக்கிறவங்க மேல எனக்கு அவ்வளவு மரியாதை.

இந்த இறால்கள்ல அந்த வேலை எவ்வளவு நீளம்னு சொல்றேன். 1808ல ஜார்ஜ் மான்டேகுன்னு ஒரு இயற்கை ஆராய்ச்சியாளர் இங்கிலாந்தோட டெவன் கரையில இருந்து ஒரு இனத்த விவரிக்கிறார், 1814ல லீச்னு இன்னொரு ஆராய்ச்சியாளர் அதுக்கு காலியனாசான்னு ஜீனஸ் வைக்கிறார், அதுக்கப்புறம் உலகத்துல எங்க இந்த மாதிரி வெளுத்த வளை இறால் கிடைச்சாலும் பெரும்பாலும் காலியனாசாவுலயே கொண்டு போய் சேத்துட்டு இருந்தாங்க, ரொம்ப காலத்துக்கு. 1991ல மேனிங், ஃபெல்டர்னு ரெண்டு பேர் அமெரிக்க கரையோட இனங்கள எடுத்து நல்லா அலசி பல ஜீனஸா பிரிச்சாங்க, இப்ப சொன்னேனே நியோட்ரைபியா, அது அப்ப வந்த பேர் தான். அப்புறம் ஜப்பான்காரர் சகாய் உலகம் பூரா இருக்குறத தொகுத்து எழுதுறார், அவர் 1999ல நிறைய ஜீனஸ ஒன்னா சேக்குறார், பின்னாடி அவரே நிறைய புதுசாவும் வைக்கிறார், மத்தவங்க ஒத்துக்கல, ஒரே இறாலுக்கு ஒவ்வொரு புத்தகத்துல ஒவ்வொரு பேர். 2019ல பூர், டுவோர்ஷாக், ஃபெல்டர் இன்னும் ரெண்டு பேர் சேந்து டிஎன்ஏவையும் உடம்பு அமைப்பையும் பக்கத்துல பக்கத்துல வச்சு குடும்பத்தையே திரும்ப அடுக்குனாங்க, அதுல புது ஜீனஸ் நிறைய வந்துச்சு. அந்த ஜீவன்ல பலதுக்கு இனம் பேர் பழசு, ஜீனஸ் தான் புதுசு.

அதுக்கு முன்னாடி இன்னொரு பெரிய விஷயமும் நடந்துச்சு. வளை தோண்டுற இறால் எல்லாத்தையும் தலாசினிடியான்னு ஒரே கூட்டமா வச்சிருந்தாங்க, டிஎன்ஏ எடுத்து பாத்தா அது ரெண்டு தனி வம்சம், ஆக்ஸிடியா, ஜெபிடியா, 2009ல அது நல்லா தெளிவாச்சு. ரெண்டும் தனித்தனியா மண்ணுக்குள்ள போய், ஒரே மாதிரி வேலை செஞ்சு செஞ்சு ஒரே மாதிரி ஆகியிருக்கு. கண்ணால பிரிச்சு பாக்க ஒரு வழி இருக்கு, முன்னாடி ரெண்டு ஜோடி கால பாக்கணும், ரெண்டு ஜோடியிலயும் சரியான கொடுக்கு இருந்தா ஆக்ஸிடியா, ரெண்டாவது ஜோடியில முழு கொடுக்கு இல்லைன்னா ஜெபிடியா. கோஸ்ட் ஷ்ரிம்ப் முதல் வகை, மண்ண புரட்டிட்டே இருக்கும். மட் ஷ்ரிம்ப்னு சொல்ற உபோஜீபியா ரெண்டாவது வகை, வளைய சேறு பூசி கெட்டியா கட்டி வச்சுட்டு தண்ணிய வடிகட்டி சாப்பிடும்.

இது ஏட்டுச்சுரைக்காய் இல்லங்க. அமெரிக்காவுல வில்லாப்பா பே-ன்னு ஒரு இடம், அங்க சிப்பி வளக்குறவங்களுக்கு இந்த இறால்களால தரை இளகி சிப்பி புதைஞ்சு போகுதுன்னு 1960கள்ல இருந்து பல வருஷம் கார்பரில் பூச்சிமருந்து அடிச்சாங்க, நியோட்ரைபியா, உபோஜீபியா ரெண்டும் அங்க இருக்கு, ரெண்டுமே வளை இறால்னு ஒரே கணக்கு. அதுக்கப்புறம் உபோஜீபியாவோட செவுள் அறைக்குள்ள உக்காந்து ரத்தம் குடிக்கிற ஒரு வெளியூர் ஒட்டுண்ணி வந்து பல இடத்துல அந்த கூட்டத்தையே அழிச்சிருச்சு, பக்கத்து வளையில இருக்குற நியோட்ரைபியாவுக்கு அந்த பிரச்சனை இல்ல. யார் யாருன்னு தெரியாம மருந்து அடிக்கவும் கூடாது, காப்பாத்தவும் முடியாது.

இப்ப எனக்கு ரொம்ப பிடிச்ச பகுதி. ஒரு ஜீனஸ எத வச்சு பிரிக்கிறாங்க? கலர் கிடையாது, ஆல்கஹால்ல போட்டா கலர் போயிரும். நீச்சல் கால்ல உள் ஓரத்துல ஒரு துளி முளை இருக்கும், மைக்ராஸ்கோப்ல பாத்தா தான் தெரியும், அதுல நுனியில குட்டி குட்டி கொக்கி, இடது கால் கொக்கியும் வலது கால் கொக்கியும் மாட்டிக்கும், அதனால தான் ரெண்டு காலும் ஒன்னா சேந்து துடுப்பு போட முடியுது. அந்த முளை விரல் மாதிரி நீட்டிட்டு இருக்கா, இல்ல கட்டையா இலைக்குள்ளயே பதிஞ்சு இருக்கா, இத பாப்பாங்க. அப்புறம் பெரிய கொடுக்கு இருக்குற கால்ல ஒரு கணுவோட அடி ஓரத்துல கொக்கி இருக்கா இல்லையா, வாய மூடுற கால் ஜோடி கதவு மாதிரி அகலமா இல்ல சாதா கால் மாதிரியா, வால் தகடு நீளமா அகலமா. கொடுக்க ஏன் இவ்வளவு பாக்குறாங்கன்னா ஃபாசில்ல அதுதான் மிஞ்சும், மெல்லிசு உடம்பு அழிஞ்சிரும், கொடுக்கு மட்டும் கல்லாகி கிடைக்கும், அப்ப ஃபாசில் படிக்கிறவங்களுக்கும் உயிரோட இருக்குறத படிக்கிறவங்களுக்கும் பேச ஒரு பொது இடம் வேணும்ல.

இதையெல்லாம் பாக்கணும்னா ஜீவன் முழுசா கிடைக்கணும், அங்க தான் சிக்கல். மண்வெட்டி போட்டா அது கீழ போயிரும், இல்லைன்னா ரெண்டா அறுந்துரும், அதனால யாபி பம்ப்னு ஒரு குழாய், ஆஸ்திரேலியாவுல தூண்டில் போடுறவங்க இரைக்காக பயன்படுத்துறது, ஓட்டை மேல வச்சு பிஸ்டன இழுத்தா மண்ணு தண்ணி இறால் எல்லாம் சேந்து மேல வரும். அப்படி வந்தாலும் பெரிய கொடுக்கு கழண்டு தனியா கிடக்கும் பல சமயம், அது எந்த இறாலோடதுன்னு அங்கயே கவனிச்சு ஒரே டப்பாவுல போடணும். டிஎன்ஏ வேணும்னா எத்தனால்ல போடணும், ஃபார்மலின்ல போட்டா டிஎன்ஏ வீணாகும், பழைய ஜாடிகள்ல நிறைய இப்படி தான் வடிவம் மட்டும் மிஞ்சி இருக்கு. அப்புறம் ஒவ்வொரு காலா கழட்டி படம் வரையணும், கையால, முடி முடியா. போட்டோ போதுமேன்னு கேக்கலாம், போட்டோ எல்லாத்தையும் காட்டும், எத கவனிக்கணும்னு சொல்லாது, வரைஞ்ச கோடு அத சொல்லும்.

பேர் வைக்கிறதுக்கு சட்டமே இருக்கு, விலங்குகளுக்கு பேர் வைக்கிற சர்வதேச விதித்தொகுப்பு. ஜீனஸ் வச்சா அதுக்கு டைப் இனம்னு, அதாவது அந்த பேருக்கு அடையாளமா நிக்குற ஒரு இனத்த, கண்டிப்பா சொல்லணும், நாளைக்கு யாராவது அந்த ஜீனஸ திரும்ப பிரிச்சாலும் அந்த பேர் டைப் இனம் இருக்குற பக்கம் தான் போகும். அந்த பேர் விலங்கு உலகத்துல வேற எதுக்கும் இருக்க கூடாது, வண்டுக்கு இருந்தா கூட இறாலுக்கு வைக்க முடியாது, செடிக்கு இருந்தா பிரச்சனை இல்ல. 2012ல இருந்து ஆன்லைன்ல மட்டும் வெளியிட்டாலும் செல்லும், ஆனா ஸூபேங்க்னு விலங்கு பேர்களுக்கு இருக்குற ஆன்லைன் பதிவேட்டுல பதிவு பண்ணியிருக்கணும். இந்தியாவுல கிடைச்சதுன்னா 2002 பல்லுயிர் சட்டப்படி அந்த ஸ்பெசிமன அங்கீகாரம் உள்ள காப்பகத்துல ஒப்படைக்கணும், கொல்கத்தால இருக்குற ஜூவாலஜிக்கல் சர்வே அதுல ஒன்னு.

என் கருத்து ஒன்னு சொல்றேன். ஒரே ஒரு இறால வச்சு, அதுவும் கொடுக்கு இல்லாத ஒன்ன வச்சு புது ஜீனஸ் அறிவிக்கிறது எனக்கு பிடிக்கல. ஆணுக்கும் பெண்ணுக்கும் கொடுக்கு வேற, குட்டிக்கும் பெருசுக்கும் வேற, நாம வித்தியாசம்னு நினைக்கிறது வயசா கூட இருக்கலாம். ஆழ்கடல்ல ஒன்னு தான் கிடைக்கும்னா அது புரியுது, கரையில கிடைக்கிற ஜீவனுக்கு கொஞ்சம் பொறுமையா ஆணும் பெண்ணும் சேத்து எடுத்து பாக்கலாமே.

மும்பைக்கு வரேன். மகாராஷ்டிரா கரையோட வளை இறால்கள பத்தி சங்கோல்லின்னு ஒரு ஆராய்ச்சியாளர் 1971லயே பாம்பே நேச்சுரல் ஹிஸ்டரி சொசைட்டி ஜர்னல்ல எழுதியிருக்கார். அதுக்கப்புறம் ஜீனஸ் பேரெல்லாம் இத்தனை மாறியிருக்கு, அப்ப பேர் வச்ச இனங்கள இதே கரையில திரும்ப எடுத்து, எத்தனால்ல போட்டு, டிஎன்ஏவோட புது அடுக்குல எங்க உக்காருதுன்னு பாக்கணும், நம்ம ஊர்ல ஜூவாலஜி படிக்கிற பசங்களுக்கு இத விட நல்ல ப்ராஜெக்ட் கிடையாது, லோக்கல் ட்ரெயின்ல போய் இறங்கி நடந்தா தரை வந்துரும். ஆனா அந்த தரை இருக்கணும். இந்த ஊரே ஏழு தீவ மண்ணு போட்டு சேத்த ஊர், இப்ப கோஸ்டல் ரோடுக்காக ப்ரியதர்ஷினி பார்க்ல இருந்து வொர்லி வரைக்கும் கடல நிரப்புனாங்க, பவளத்துக்கு சட்ட பாதுகாப்பு இருக்குறதால அத பேத்து வேற இடத்துல கொண்டு போய் வச்சாங்க, சந்தோஷம், ஆனா ஒரு மீட்டர் ஆழத்துல வளைக்குள்ள இருக்குறத அப்படி யாரும் தூக்கிட்டு போக முடியாது. பேர் இல்லாதத எந்த லிஸ்ட்லயும் சேக்கவும் முடியாது.

நீங்க செய்யக்கூடியது இருக்கு. மரைன் லைஃப் ஆஃப் மும்பை மாதிரி குழுக்கள் வத்த நேரத்துல கரையில நடை கூட்டிட்டு போறாங்க, போங்க. கூம்ப பாத்தா தோண்டாதீங்க, மிதிக்காதீங்க, பக்கத்துல ஒரு பத்து ரூபா காயின வச்சு போட்டோ எடுத்து, இடம் தேதியோட ஐநேச்சுரலிஸ்ட்னு உயிரினங்கள பதிவு பண்ற ஆப்ல போடுங்க. செத்து ஒதுங்கின இறால் கிடைச்சா மேல இருந்து மட்டும் எடுக்காம திருப்பி போட்டு வயித்து பக்கம் எடுங்க, முன்னாடி ரெண்டு ஜோடி கால் தனித்தனியா தெரியுற மாதிரி ஒன்னு, பெரிய கொடுக்கோட உள்பக்கம் வெளிப்பக்கம் ரெண்டும், நீச்சல் கால விரிச்சு வச்சு ஒன்னு, வால் தகடு ஒன்னு. முதுகு போட்டோ மட்டும் இருந்தா எந்த ஜீனஸ்னு யாராலயும் சொல்ல முடியாது.